ஊதியத்தோடு பட்டம்: இங்கிலாந்தின் உயர்நிலைத் தொழிற்பழகுநர் முறை

உயர்நிலைத் தொழிற்பழகுநர் பயிற்சி என்பது ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே உயர்கல்வித் தகுதியும் பெறும் ஏற்பாடு. இங்கிலாந்தில் கல்வித் தகுதிகளை நிலை எண்களால் குறிப்பார்கள். பள்ளி முடிவில் எழுதும் ஏ-லெவல் தேர்வு 3-ஆம் நிலை. பட்டப்படிப்பின் முதலாண்டுக்கு ஈடானது 4-ஆம் நிலை. இளநிலைப் பட்டம் 6. முதுநிலைப் பட்டம் 7. நான்காம் நிலையும் அதற்கு மேலும் உள்ள பயிற்சிகளே உயர்நிலைப் பயிற்சிகள். அவற்றுள் பட்டத்தோடு முடிபவற்றுக்குப் பட்டப் பயிற்சி என்று தனிப்பெயர் உண்டு. சேருபவர் முதல் நாளிலிருந்தே ஊழியர். பணி ஒப்பந்தம், ஊதியம், விடுப்பு எல்லாம் அவருக்கு உண்டு. பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு காசுகூட அவர் கையிலிருந்து போவதில்லை.

வணிகமும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் கலந்த துறையே பட்டப் பயிற்சிக்கு முன்னோடி. திட்டம் 2014 இறுதியில் அறிவிக்கப்பட்டு, முதல் பழகுநர்கள் 2015 செப்டம்பரில் சேர்ந்தபோது தொடங்கியது ‘டிஜிட்டல் அண்டு டெக்னாலஜி சொல்யூஷன்ஸ்’ என்ற படிப்பு. எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள் முடிந்த பின் அது கிளை பிரிகிறது: மென்பொருள் பொறியாளர், தரவுப் பகுப்பாய்வாளர், சைபர் பாதுகாப்பு ஆய்வாளர், நெட்வொர்க் பொறியாளர், பிசினஸ் அனலிஸ்ட், ஐ.டி. ஆலோசகர். கடைசி இரண்டு கிளைகளில் நிரல் எழுதும் கூட்டமும் கணக்குப் பார்க்கும் கூட்டமும் ஒரே மேசைக்கு வருகின்றன. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு தரநிலை ஆவணம் உண்டு. முடிக்கும்போது பழகுநரிடம் இருக்க வேண்டிய அறிவு, திறன், நடத்தை மூன்றையும் அது வரிவரியாகச் சொல்கிறது. அதை எழுதுவதில் முதல் குரல் பேராசிரியர்களுடையதன்று, வேலை கொடுப்பவர்களுடையது. இந்த முறையின் வலிமைக்கும் பலவீனத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பழகுநர் என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் நீண்ட வரலாறு. 1563-இல் வந்த சட்டம், ஏழாண்டு பழகாதவர் கைத்தொழில் நடத்தக் கூடாது என்றது. 1814-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. இன்றைய வடிவம் 2012-இல் டக் ரிச்சர்டு என்ற தொழில்முனைவோர் அரசுக்கு அளித்த அறிக்கையிலிருந்து பிறந்தது. தரநிலைகளை நிறுவனங்களே வகுக்கட்டும். பயிற்சியின் முடிவில் ஒரு முழுமையான சோதனை இருக்கட்டும். ஒரு பணிக்குப் புதிதாக வருபவருக்கே இந்தப் பயிற்சி உரியதாகட்டும் என்பவை அவர் பரிந்துரைகளுள் முக்கியமானவை. முதல் இரண்டும் நடைமுறைக்கு வந்தன. மூன்றாவதன் கதி என்னவாயிற்று என்பதைக் கீழே காணலாம்.

வேலையிடத்தில் கற்பதால் எது உண்மையில் கூடுதலாகக் கிடைக்கிறது? சம்பளம் என்பதே பலரும் முதலில் சொல்லும் விடை. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவுப் பிரிவில் பழகும் இளைஞரை எடுத்துக்கொள்ளலாம். ஒரே விவரத்தை இரண்டு அட்டவணைகளில் வைக்கக் கூடாது என்று தரவுத்தளப் பாடம் சொல்கிறது. வகுப்பில் அது ஒரு விதி. தேர்வில் இரண்டு மதிப்பெண். மறுநாள் அலுவலகத்தில் ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டல்களில் மூன்று பேராகப் பதிவாகியிருப்பதையும், அதனால் ஒரு கோரிக்கைக்கு இரண்டு முறை பணம் போனதையும் அவர் காண்கிறார். அதைத் திருத்தப் போனால், பழைய பதிவுகளை நம்பி ஓடும் வேறு நான்கு மென்பொருள்கள் நின்றுவிடும் என்று மூத்த ஊழியர் தடுக்கிறார். விதி எதற்காக வந்தது, அதைக் காப்பது ஏன் கடினம், எப்போது திருத்துவது, யாரிடம் ஒப்புதல் வாங்குவது ஆகிய நான்கும் ஒரே வாரத்தில் அவருக்குப் பிடிபடுகின்றன. கல்லூரி ஆய்வுக்கூடம் சுத்தமான தரவையும் புதிய நிரலையும் கொடுக்கிறது. உலகின் வேலையோ பெரும்பாலும் வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவிட்டுப் போன நிரலில்தான் நடக்கிறது.

வணிகப் பக்கத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பிசினஸ் அனலிஸ்ட் பணியின் சாரம், பயனாளர் கேட்பதற்கும் அவருக்கு உண்மையில் வேண்டியதற்கும் உள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பது. கிடங்கு மேற்பார்வையாளர் புதிய அறிக்கை ஒன்று வேண்டும் என்பார். கிளறிப் பார்த்தால், இருக்கும் அறிக்கை காலை ஒன்பதுக்கு வருகிறது, லாரி எட்டுக்கே கிளம்பிவிடுகிறது என்பதே சிக்கலாக இருக்கும். இந்தக் கேட்கும் திறனைப் பாடநூலில் படித்துத் தேர்ச்சி பெற முடியாது. கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, மூத்தவர் எந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்கிறார் என்று பார்த்துப் பார்த்து வருவது அது. கொல்லன் பட்டறைக்குப் பொருந்திய கற்றல் முறை கணினி அறைக்கும் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

மதிப்பீடும் இதற்கேற்ப அமைந்திருக்கிறது. பட்டப் பயிற்சியின் இறுதியில் பழகுநர் தம் நிறுவனத்துக்காகவே செய்த ஒரு திட்டத்தை அறிக்கையாக எழுதி, விளக்கி, கேள்விகளுக்கு விடை சொல்கிறார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த வேலைத் தொகுப்பை முன்வைத்துத் தேர்வாளரோடு உரையாடுகிறார். மனப்பாடத்துக்கு இதில் இடம் குறைவு.

பணக் கணக்கும் பழகுநர் பக்கமே சாய்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் இளநிலைக் கட்டணம் 2012-இல் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்ந்தது, 2017-இல் 9,250, 2025-இல் 9,535. மூன்றாண்டுக் கட்டணத்தோடு தங்குமிடச் செலவும் சேர்ந்து கடனாக ஏறும். பழகுநருக்கு அந்தக் கடன் இல்லை. பழகுநருக்கான சட்டப்படிக் குறைந்தபட்ச ஊதியம், 2025 ஏப்ரல் நிலவரப்படி மணிக்கு 7.55 பவுண்டு, மிகக் குறைவுதான். ஆனால் டிஜிட்டல் துறைப் பெருநிறுவனங்கள் பட்டப் பயிற்சிக்கு அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன.

இத்தனை நன்மை உள்ள வாசலுக்குள் யார் நுழைகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் முறை தடுமாறுகிறது.

2017 ஏப்ரலில் பயிற்சித் தீர்வை என்ற வரி வந்தது. ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனம், அந்தப் பட்டுவாடாவில் 0.5 சதவீதத்தைக் கட்ட வேண்டும். அதில் 15,000 பவுண்டு கழிவு உண்டு. 50 லட்சம் பவுண்டு சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்கு வரி 25,000. கழிவு போக 10,000. இங்கிலாந்தில் இந்தத் தொகை நிறுவனத்தின் பெயரில் கணக்கில் நிற்கும். பயிற்சிக்கு மட்டுமே செலவழிக்கலாம். 24 மாதத்துக்குள் செலவழிக்காதது காலாவதியாகும் என்று விதி வகுக்கப்பட்டது. ஒரு பழகுநருக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 27,000 பவுண்டு.

காலாவதியாகும் பணம் கையில் இருந்தால் அதை விரைவாகக் கரைக்கும் வழியையே நிறுவனம் தேடும். பதினெட்டு வயதுப் பிள்ளையை எடுத்து, சம்பளம் கொடுத்து, மேசை கொடுத்து, மூன்று நான்கு ஆண்டு காத்திருப்பதைவிட, ஏற்கெனவே பணியில் இருக்கும் மேலாளரை முதுநிலைப் பயிற்சியில் சேர்ப்பது எளிது. அப்படியே நடந்தது. எம்.பி.ஏ. படிப்புகூடப் பழகுநர் பயிற்சி என்ற பெயரில் தீர்வைப் பணத்தில் நடந்தது. 2020-இல் கல்வி அமைச்சரே அதைக் கேள்விக்குள்ளாக்கிய பின்தான் அந்தப் பட்டத்துக்குப் பணம் நின்றது. மறுபக்கம், பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தோர் எண்ணிக்கை 2015-16-இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. 2017-18-இல் மூன்றே முக்கால் லட்சமாகச் சரிந்தது. சரிவின் பெரும்பங்கு கீழ்நிலைப் பயிற்சிகளில். மேல்நிலைப் பயிற்சிகளோ வளர்ந்தன. பணிக்குப் புதிதாக வருபவருக்கே பயிற்சி என்ற ரிச்சர்டின் பரிந்துரை இப்படித்தான் கைநழுவியது. 2026 ஜனவரி முதல் ஏழாம் நிலைப் பயிற்சிக்கான நிதி, சில விலக்குகள் தவிர, 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று அரசு முடிவெடுத்தது, காலம் தாழ்ந்தாலும் சரியான திருத்தம்.

வயதைப் போலவே வர்க்கமும் ஊரும் வாசலில் நிற்கின்றன. ஏழைப் பகுதிப் பிள்ளைகளைவிட வசதியான பகுதிப் பிள்ளைகளே பட்டப் பயிற்சிகளில் அதிகம் சேர்கின்றனர் என்று சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை தொடர்ந்து எடுத்துக்காட்டி வருகிறது. காரணம் கண்டுகொள்ள முடியாததன்று. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு நாடெங்கும் ஒரே நுழைவாயில், பெரும்பாலும் ஒரே காலக்கெடு. பயிற்சிக்கோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், இணையவழிச் சோதனை, குழு நேர்காணல். அலுவலக உலகை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை அங்கே முன்னால் நிற்கிறது. லண்டனிலும் மான்செஸ்டரிலும் நிறுவனங்கள் குவிந்திருக்க, கார்ன்வால் போன்ற கடைக்கோடிப் பகுதியில் வசிப்பவருக்கு எட்டும் தூரத்தில் இடமே இருக்காது. வீட்டை விட்டுப் போனால் பழகுநர் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும்.

உள்ளே நுழைந்தவருக்கு நேரம்தான் அடுத்த சோதனை. தொடக்கத்தில் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் படிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2022 ஆகஸ்டில் அது வாரத்துக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் என்று மாறியது. 2025 முதல் ஒவ்வொரு பயிற்சிக்கும் மொத்த மணி நேரம் தனியாக வரையறுக்கப்படுகிறது. காகிதத்தில் இது போதுமானது. ஆனால் மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில், அந்தப் படிப்பு நேரமே முதலில் பலியாகிறது. தடுக்க வேண்டியவர் நேரடி மேலாளர். அவர் அளக்கப்படுவதோ வேலை முடிந்ததா என்பதால், பழகுநர் படித்தாரா என்பதால் அன்று. பறிபோன நேரத்தை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஈடுகட்டும் இளைஞர், சக வயதினர் கல்லூரி வளாகத்தில் பெறும் நட்பையும் ஓய்வையும் சேர்த்தே இழக்கிறார்.

இதே சிக்கலை ஜெர்மனி வேறு விதமாகக் கையாண்டது. 1972-இல் ஸ்டுட்கார்ட்டில் டெய்ம்லர்-பென்ஸ், பாஷ் உள்ளிட்ட நிறுவனங்கள் முன்வைத்த மாதிரி, 1974-இல் தொழிற்கல்விக் கழகமாகி, 2009-இல் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தின் இரட்டைக் கல்விப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே மாணவர் ஏறத்தாழ மூன்று மாதம் நிறுவனத்தில், மூன்று மாதம் வகுப்பில் என மாறி மாறி இருப்பார். வகுப்புப் பருவத்தில் அவர் மேசை காலியாகவே இருக்கும் என்று தெரிந்துதான் நிறுவனம் வேலையைத் திட்டமிடுகிறது. படிப்பு நேரத்தை மேலாளரின் நல்ல மனத்துக்கு விடாமல் நாட்காட்டியே காக்கிறது. இங்கிலாந்திலும் சில பல்கலைக்கழகங்கள் வாரத்தில் ஒரு நாள் அல்லது தொடர்ந்து சில வாரங்கள் என வகுப்பைக் கட்டியிருக்கின்றன. அங்கே படிப்பு கண்ணுக்குத் தெரிவதால் பறிப்பதும் கடினம். தன் வசதிப்படி இணையத்தில் படித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடே மிகவும் ஆபத்தானது, நெகிழ்வாகத் தோன்றினாலும்.

பாடத்தின் அகலம் குறித்தும் ஒரு குறை சொல்ல வேண்டும். வேலையிடம் அந்த நிறுவனத்தின் கருவிகளைத்தான் கற்றுத்தரும். ஒரே நிறுவனத்தின் கிளவுட் சேவை, ஒரே கணக்கு மென்பொருள், ஒரே அறிக்கை வடிவம் என்று பழகியவர் வேறிடம் போகும்போது திணறக்கூடும். இதற்கு மாற்று மருந்து பல்கலைக்கழகப் பாதிதான்: கணிதம், அல்காரிதம், தரவுக் கட்டமைப்பு, பொருளியல் ஆகியவை கருவி மாறினாலும் மாறாதவை. ஆனால் உடனடிப் பயன் தெரியாத இப்பாடங்களையே குறைக்கச் சொல்லி நிறுவனங்கள் கேட்பது இயல்பு. அந்த இடத்தில் பல்கலைக்கழகம் வளைந்துகொடுத்தால், பழகுநர் பெறுவது பட்டத்தின் பெயரை மட்டுமே. தொழில்நுட்பம் வேகமாக மாறும் துறையில் அடித்தளப் பாடம் ஆடம்பரமன்று. அடுத்த மாற்றத்தைத் தாங்குவது அதுவே.

எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் பயிற்சியை வெற்றிகரமாக முடிப்பவர் விகிதம் கவலை தருகிறது. 2022-23-இல் அது 54 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அரசு குறித்த இலக்கு 67. இடையில் விலகுபவர் எல்லோரும் தோற்றவரல்லர். நல்ல வேலை கிடைத்துப் போனவரும் உண்டு. ஆனாலும் வேலையும் படிப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதன் அபாயம் இதில் தெரிகிறது. நிறுவனம் ஆட்குறைப்பு செய்தால் படிப்பும் ஆடுகிறது. முக்கால் பங்கு முடித்தவருக்கும் கடைசி ஆறு மாதத்தில் இருப்பவருக்கும் நிதி தொடரும். மற்றவர்கள் 12 வாரத்துக்குள் வேறு நிறுவனம் தேடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது கடினமான கெடு.

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல்கலைக்கழகமே கௌரவம் என்ற எண்ணம் இன்னும் வலுவாக இருக்கிறது. பட்டப் பயிற்சியை இரண்டாந்தரமாக எண்ண வேண்டிய தேவை இல்லை. நல்ல இடத்தில் கிடைத்தால் அது வழக்கமான பட்டத்தைவிட மேலானது. எது நல்ல இடம் என்பதைச் சேருமுன்பே கேட்டறியலாம். பழகுநர், நிறுவனம், பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திடும் பயிற்சித் திட்ட ஆவணம் ஒன்று உண்டு. வகுப்புக்கான நாள் எது, வழிகாட்டி யார், எத்தனை பிரிவுகளில் வேலை மாற்றித் தருவார்கள் என்ற மூன்றையும் அதில் எழுத்தில் கேட்க வேண்டும். வகுப்புக்கான நாள் எது என்று சொல்ல முடியாத நிறுவனத்தில் சேராமல் இருப்பதே நல்லது, அதன் பெயர் எவ்வளவு பெரிதாயினும்.