போனவரும் மீண்டவரும்

கடல் கடந்து கூலிகளாய்ச் சென்ற தமிழரைப் பற்றி நம் இலக்கியம் வாய் திறவாமல் இருந்ததில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களுக்காகப் பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடினார். 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைச் சினத்துடன் சொல்லிற்று. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. மலேசிய ரப்பர்த் தோட்டத்து மக்களுக்காக அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். போனவர்க்காக அழத் தமிழன் தவறியதில்லை. மீண்டு வந்தவர்களைப் பற்றி நம் எழுத்து என்ன சொல்லிற்று என்று கேட்டால்தான் விடை தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ‘துன்பக்கேணி’யைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். அக்கதையைத் தோட்டத் துரைமாரின் அட்டூழியத்தைச் சாடும் கதையாகவே பலரும் வகுப்பறைகளில் பாடம் சொல்கின்றனர். அது பாதி உண்மையே. மருதியை ஊரைவிட்டுத் துரத்தியது வெள்ளையன் மட்டுமன்று. வாசவன்பட்டியின் பண்ணை அதிகாரமும் சாதியும் கூடத்தான். ஆசிரியர் கதையைத் தோட்டத்தில் தொடங்காமல் சொந்த ஊரில் தொடங்கியிருப்பது தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. நிலமில்லாதவனுக்கு ஊர் எங்கே இருக்கிறது என்ற வினாவை அவர் அங்கேயே எழுப்பிவிடுகிறார். பின்னாளில் அரசாங்கங்கள் இம்மக்களுக்குச் சூட்டிய ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரை இக்கதையோடு வைத்துப் படித்தால், அப்பெயரின் பொய்ம்மை புலனாகும். அவர்கள் திரும்பியது தங்களை முன்பு வெளியேற்றிய ஊருக்கு. அதுவும் அவர்களிற் பலர் பிறந்தது அட்டனிலும் பதுளையிலும். திருச்சியையும் புதுக்கோட்டையையும் பாட்டன் வாய்மொழியால் மட்டுமே அறிந்தவர்கள்.

வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். ஆங்கிலேயர் முதலில் காப்பிக்கும், காப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்கும் கண்டி மலைகளைத் திறந்தனர். 1840ஆம் ஆண்டின் முடிநிலச் சட்டத்தால் கண்டிக் குடியானவரின் பொதுநிலங்கள் பல தோட்டக்காரர் கைக்குப் போயின. அந்நிலத்தில் வேலை செய்யக் கங்காணிகள் வழியே, கடனென்னும் கயிற்றால் கட்டித் தமிழர் கொண்டுவரப்பட்டனர். சிங்களக் குடியானவரின் மனக்குறை நியாயமானது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் நிலத்தைப் பறித்த துரையின் மீது பாயவேண்டிய சினம், அவன் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய கூலியின் மீது பாய்ந்தது. துரை கப்பலேறிப் போய்விட்டான். கூலி அங்கேயே, கண்ணெதிரே இருந்தான். குடியேற்ற ஆட்சி முடிந்த நாடுகள் பலவற்றில் இதே கதைதான். பர்மாவில் நடந்தது; 1972இல் உகாண்டாவில் நடந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தலவாக்கொல்லையில் வென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அக்கேள்வியிலேதான் செல்வநாயகம் பிரிந்து சென்று தமிழரசுக் கட்சி கண்டார். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைக்கூட இவ்வளவு எளிதாகப் பிரிப்பதில்லை!

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த மண்டபம் முகாமே, பின்பு மீண்டு வந்தவர்களுக்கும், 1983க்குப் பின் அகதிகளுக்கும் தங்குமிடமாயிற்று. ஒரு நாவலுக்குப் போதுமான களம் அந்த ஒரு முகாமிலேயே இருக்கிறது. எழுதியவர் யார்?

நாம் வாழும் இக்கல்லாற்றுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே பொன்முடியிலும் போனக்காட்டிலும் தேயிலை. அங்குள்ள லயங்களில் தமிழ்க் குடும்பங்கள். ‘லயம்’ என்ற சொல்லே அட்டனிலும் வழங்குகிறது, இங்கும் வழங்குகிறது. துரைமார் ஆங்கிலத்தில் இட்ட பெயரை இரு மலைகளும் ஒரே வகையில் தமிழாக்கிக்கொண்டன. போனக்காட்டுத் தோட்டம் நலிந்து கூலி நிலுவையான செய்தியை நாளேடுகள் பலமுறை எழுதின. மலையோரமாய் வடக்கே சென்றால் குளத்துப்புழை. அங்கும் ஆயிரநல்லூரிலும் இலங்கையிலிருந்து மீண்டவர்களுக்காக ரப்பர்த் தோட்டங்கள் அமைக்கப்பட்டன; 1976இல் அவை புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனமாயின. தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் ரப்பர் மரம் கீறக் கற்றன.

கேரளத்தில் நம்மைப் ‘பாண்டி’ என்று இகழ்ந்தால் நமக்கு உள்ளம் கொதிக்கிறது. 1956இல் எல்லைக்கோடு நகர்ந்தபோது ஒரே இரவில் சிறுபான்மையானவர்கள் நாம். ஆயினும் மீண்டு வந்தவனைச் ‘சிலோன்காரன்’ என்று ஒதுக்கிய வழக்கம் தமிழ் வாய்களுக்கும் உண்டு. கணியன் பூங்குன்றனார் பெயரைச் சொல்லாத தமிழ்ச்சங்க மேடை இல்லை. அம்மேடைக்குக் கீழே நிற்பவனை எந்த ஊரான் என்று கேட்கிறோம். இக்காலக் கேரள அரசு வடநாட்டுத் தொழிலாளரை ‘அதிதி’ என்கிறது. பண்பான சொல்தான், ஆனால் விருந்தாளி என்றைக்கேனும் புறப்பட்டுப் போகவேண்டியவன் என்ற குறிப்பும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்தபோது வாசகர் பெரிதும் போற்றினர். 2013இல் ‘பரதேசி’ என்ற திரைப்படமும் அதைத் தழுவி வந்தது. போற்றத்தக்க நூலே. எனினும், துரை இறந்துபோன பின் துரையைத் திட்டுவதில் நமக்குச் செலவொன்றும் இல்லை. மீண்டவனைப் பற்றி எழுதினால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நாமாகிவிடுவோம். நம் நாவலாசிரியர் தயங்கியதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

மலையக எழுத்தாளருக்கு இத்தயக்கம் இல்லை. தெளிவத்தை ஜோசப் தம் சிறுகதைத் தொகுதிக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்று பெயரிட்டார். பாரதியை நினைவூட்டும் அத்தலைப்பு ஓர் உரிமைக்குரல். தாயகம் எது என்பதை உடன்படிக்கை எழுதியவர்கள் முடிவு செய்யவேண்டாம் என்ற மறுப்பு அது. அம்மறுப்பைத் தமிழ்நாட்டுத் திறனாய்வு போதிய அளவு செவிமடுக்கவில்லை. ஈழப்போர் இலக்கியத்துக்குத் தந்த இடத்தில் கால்பங்கும் மலையகத்துக்குத் தரவில்லை.

2003இல் இலங்கை தன் மண்ணில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் இயற்றிற்று. கலவரத்துக்கு அஞ்சி இங்கு ஓடிவந்த மலையகத்தாரோ முகாம்களில் நாடற்றவராய் நின்றனர். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இடம்பெறவில்லை. 2021இல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிற்று. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கது, குடியுரிமை வேறு.

குளத்துப்புழைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். அவர்களுள் மலையாளம் படித்தவர்கள் உண்டு. இராமேசுவரம் துறையில் தொடங்கும் அந்த நாவலை அவர்களுள் ஒருவர் எழுதக்கூடும். அது மலையாளத்தில் வந்தால், அதைத் தமிழாக்கம் செய்துகொள்ளும் வேலை நம்முடையதாகும்.