பானியும் உபயதாரரும்: பாரசீக அரங்கின் பொருளியற் சொற்கள்

ஓர் அரங்கிற்குப் பொருள் எவ்வழி வந்தது என்பதை அவ்வரங்கின் சொற்களே பெரிதும் காட்டிவிடுகின்றன. பாரசீக அரங்கச் சொற்களைத் தமிழாக்குவோர் இதனைக் கருதாவிடின், சொல்லோடு வரலாறும் திரிந்துவிடும்.

கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை நடித்துக்காட்டும் ஈரானிய நாடகம் தஅஸியே. துக்கம் விசாரித்தல் என்பது இச்சொல்லின் நேர்பொருள். இந்தியாவில் இதே சொல் முஹர்ரம் ஊர்வலத்தில் எடுத்துச்செல்லும் கல்லறை மாதிரியைக் குறிப்பதால், ‘தாஜியா’ என எழுதுவது மயக்கம் தரும். நாடகச் செலவை ஏற்பவர் ‘பானி’; கட்டியவர், நிறுவியவர் என்பது அதன் அரபு மூலப்பொருள். நஸ்ர் எனும் நேர்ச்சையும் வக்ஃப் எனும் அறக்கொடையும் பிற வருவாய் வழிகள். நாசிருத்தீன் ஷா டெஹ்ரானில் 1860களின் இறுதியில் எழுப்பத் தொடங்கிய தக்கியே தவ்லத் அரங்கில் அரசே புரவலராயிற்று.

பானியைத் ‘தயாரிப்பாளர்’ என எழுதத் தோன்றும். ஆனால் தயாரிப்பாளர் முதலிட்டு இலாபம் நோக்குபவர். பானி நோக்கியது புண்ணியமும் ஊர்மதிப்பும். 1930களில் ரெஸா ஷா ஆட்சி தஅஸியேயைத் தடுத்தது; 1940களில் தக்கியே தவ்லத்தும் இடிக்கப்பட்டது. எனினும் சிற்றூர்களில் அக்கலை மறையவில்லை. அரசுப் பொருள் நின்றபின்னும் நேர்ச்சை நின்றுவிடவில்லை என்பதே இதன் காரணங்களுள் ஒன்றாகலாம். ‘தயாரிப்பாளர்’ என்ற சொல்லால் இந்நிலையை விளக்க இயலாது.

நம் கோயில் விழாக்களில் வழங்கும் ‘உபயதாரர்’ பானிக்கு மிக அணுக்கமான சொல். சமயச் சார்புடையது என்ற மறுப்பு எழலாம். பானியும் அத்தகைய சொல்லே. இதற்கும் ஓர் எல்லை உண்டு. தஅஸியே நடிகர் பலர் ஊதியம் பெற்ற தொழிற்கலைஞர். உபயம் என்னும் சொல் அவர்தம் உழைப்பைத் தொண்டாக்கி மறைத்துவிடலாகாது.

பிற வடிவங்களில் உறவு வேறு. தேநீர்க்கடையில் ஷாநாமாக் கதை சொல்லும் நக்கால், கதை உச்சம் எய்துமிடத்தில் நிறுத்திப் பணம் திரட்டுவார்; அது சன்மானம். திருமண வீட்டு முற்றத்துக் குளத்தின்மேல் பலகை பரப்பி ஆடிய ரூஹௌஸிக் குழு பெற்றது பேசிய கூலி. டெஹ்ரானின் லாலேஸார் தெருவில் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த அரங்குகளுக்கே நுழைவுச்சீட்டு உரியது.

இவையனைத்தையும் ‘கட்டணம்’ என ஒரே சொல்லால் பெயர்த்தால் படிப்போர்க்குத் தடையிராது. ஆனால் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதன்பொருட்டு என்னும் வினாக்கள் மறைந்துவிடும். அவ்வினாக்களைக் காப்பதும் மொழிபெயர்ப்பாளர் கடனே.