அண்ணல் பேரைச் சொல்லி

கர்நாடக உயர்நீதிமன்றம் 2022 மார்ச் 15 அன்று கொடுத்த ஹிஜாப் தீர்ப்பைச் சட்டம் தெரிந்தவர்கள் சட்டமாகப் படிக்கட்டும். நாம் அதை ஒரு பிரதியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் தலைத்துணிக்குத் தடை போட்டதை நியாயப்படுத்த அந்தப் பிரதி சாட்சிக்கு இழுத்திருப்பது அண்ணல் அம்பேத்கரை. நம்ம வீட்டுப் பெரியவரைக் கூட்டிப்போய் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தால், அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று நாம்தானே விசாரிக்கணும்?

மேற்கோள் பொய்யில்லை. பாகிஸ்தான் பிரிவினை பற்றிய நூலின் பத்தாம் அத்தியாயத்தில் அண்ணல் பர்தாவைக் கடுமையாகச் சாடுகிறார். புர்கா போட்டுத் தெருவில் நடக்கும் பெண்களைப் பார்க்கவே சகிக்கவில்லை என்கிற அளவுக்குப் போகிறார். அந்த வார்த்தை இன்றைக்கு நமக்கே உறுத்துகிறது, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கோபம் எதன்மேல்? பெண்ணை வீட்டுக்குள் பூட்டுவதன்மேல். வெளியுலகம் தெரியாமல், உடம்பும் மனசும் குன்றி, குடும்பச் சண்டைக்குள்ளேயே அவள் முடங்கிப்போவதன்மேல்.

உடுப்பிப் பிள்ளைகள் எங்கே நின்றார்கள்? கல்லூரி வாசலில். உள்ளே விடுங்க, படிக்கணும் என்றார்கள். துணியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகளை, அந்தத் துணியைக் காட்டியே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. அண்ணல் எந்தக் கதவைத் திறக்கச் சொன்னாரோ, அந்தக் கதவை அவர் பேராலேயே சாத்திவிட்டார்கள்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு பகுதி உண்டு. இந்திய முஸ்லிம்கள் ஏன் மாற மறுக்கிறார்கள் என்று கேட்டு, அண்ணலே பதிலும் சொல்கிறார். சுற்றிலும் இந்துச் சூழல்; அது சத்தமில்லாமல் தங்களைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்கிற அச்சம்; அதனால் நல்லது கெட்டது பார்க்காமல் இஸ்லாமியமானது எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பகுதியைத் தீர்ப்பு தொடவில்லை. தொட்டிருந்தால், காவித் துண்டு போட்ட கூட்டம் எதிரே நின்று கூச்சலிடும்போது அந்தத் தலைத்துணி என்ன பொருள் கொள்கிறது என்று யோசிக்க வேண்டி வந்திருக்கும். நேற்றுவரை பக்திக்கோ, பழக்கத்துக்கோ, அம்மா சொன்னாளே என்றோ போட்ட துணி, அன்றைக்கு மானப் பிரச்சினை ஆகிறது. அந்தப் பொருளைக் கொடுத்தது கூச்சலிட்ட கூட்டம்தான்.

இதற்காக ஹிஜாப்பை நாம் விடுதலைக் கொடியாக்க வேண்டாம். கட்டாயம் எங்கே என்பதை முஸ்லிம் பெண்களே எழுதியிருக்கிறார்கள். துவரங்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட சல்மா, ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) அடைபட்ட வீடுகளை உள்ளேயிருந்து காட்டினார். ஈரானில் 1936இல் ரேசா ஷா முக்காட்டைக் கழற்றச் சொன்னார். 1979 புரட்சிக்குப் பின் வந்தவர்கள் போட்டே ஆகணும் என்றார்கள். 2022 செப்டம்பரில், ஹிஜாப் சரியில்லை என்று ஒழுக்கக் காவலர்கள் பிடித்துப்போன மஹ்சா அமினி செத்துப்போனார். கழற்றச் சொன்னவனும் சரி, போடச் சொன்னவனும் சரி, எவனும் அவளைக் கேட்கவில்லை.

உச்சநீதிமன்றத்தில் 2022 அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். தடையை ஏற்காத சுதான்ஷு துலியா, பெண்பிள்ளையின் படிப்பையே முதல் கேள்வியாக வைத்தார். அண்ணலின் பக்கம் அதுதான்.

அதற்கும் முன்னால், 2022 பிப்ரவரியில் சிக்மகளூர்க் கல்லூரியில் தலித் மாணவர்கள் நீலத்துண்டு போட்டு, ஜெய் பீம் சொல்லி, முஸ்லிம் பிள்ளைகள் பக்கம் நின்றார்கள். பத்தாம் அத்தியாயத்தை அவர்கள் படித்தார்களோ இல்லையோ, தெரியாது. அண்ணலைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்தான்.