மூடிய வீதியும் திறந்த திரையும்
கணினி ராலி விளையாட்டுக்கள் பற்றி இணுவிலிலிருந்து ஒரு நோக்கு

நாவலும் சினிமாவும் நம்மிடையே அறிமுகமான காலங்களில் அவை குறித்து முதலில் எழுந்த விவாதம் கலை பற்றியதன்று, ஒழுக்கம் பற்றியதாகும். இளைஞர் கெட்டுவிடுவரோ என்பதே அன்றைய வினா. அவை எவ்வாறு இன்பம் தருகின்றன, அவ்வின்பத்தின் தன்மை யாது என்னும் வினாக்கள் பின்னரே எழுந்தன. கணினி விளையாட்டுக்கள் இன்று அதே நிலையில் உள்ளன. பெற்றோர் கண்டிக்கின்றனர், வணிகர் விற்கின்றனர், விமரிசகர் வாளாவிருக்கின்றனர். இக்கட்டுரை சிறியதோர் எல்லைக்குள் நின்று அம்மௌனத்தைக் கலைக்க முனைகின்றது. வீட்டுக் கணினியில் ஆடக்கூடிய ராலி விளையாட்டுக்களுள் உண்மையாகவே மகிழ்வளிப்பது எது, அதற்குரிய காரணம் யாது என்பதே இங்கு ஆராயப்படுவது. இணுவிலில் ஒரு சாதாரண குடும்பத்தினரின் வீட்டிலுள்ள, விலையுயர்ந்த கருவிகள் எவையும் பொருத்தப்படாத, விசைப்பலகையால் மட்டும் இயக்கப்படும் கணினியே இவ்வாய்வின் அளவுகோலாகும்.

ராலி என்பது பொதுவான கார்ப்பந்தயத்தினின்றும் வேறுபட்டது. பந்தயத் திடலிற் பல கார்கள் ஒருங்கே ஓடுகின்றன. வடபுலத்தின் மாட்டுவண்டிச் சவாரியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமானதன்று. சவாரியிலும் எதிராளி பக்கத்திலேயே ஓடுகின்றான். ராலியில் எதிராளி கண்ணிற்படுவதில்லை. பொதுமக்கள் நாளாந்தம் பயன்படுத்தும் வீதியொன்று சில மணி நேரம் மூடப்படும். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அனுப்பப்படும். எடுத்த நேரமே தீர்ப்பு. காரும் பெரும்பாலும் சந்தையில் விற்கப்படும் காரின் வழிவந்ததே. யாழ்ப்பாண வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவரே வடிவமைத்த மினி என்னும் சிறிய கார் 1964இல் மொன்ரே கார்லோ ராலியை வென்றது. சாதாரண வீதி, சாதாரண காரின் வழித்தோன்றல், தனித்த ஓட்டம் ஆகிய மூன்றும் இவ்விளையாட்டின் அடிப்படைகள் எனலாம்.

இவற்றிலிருந்தே ராலி விளையாட்டின் இன்பமும் பிறக்கின்றது. முதலாவது, தரை. சரளை, சேறு, பனி, தார் ஆகியன ஒவ்வொன்றும் சில்லை வெவ்வேறு விதமாகப் பற்றுகின்றன. இவ்வேறுபாட்டை ஆடுபவனின் விரல் உணராவிடின் ஏனைய அலங்காரங்களாற் பயனில்லை. இரண்டாவது, மீட்க முடியாமை. ஒரு வளைவிற் செய்த பிழை முடிவுவரை உடன்வரும். மூன்றாவது, குரல். இது சற்று விரிவாக நோக்கத்தக்கது.

ராலிச் சாரதி பாதையை மனனம் செய்து ஓட்டுவதில்லை. முன்னோட்டத்தின்போது எழுதப்பட்ட வழிக்குறிப்பை அருகிலிருக்கும் துணைச் சாரதி உரத்து வாசிக்கின்றார். பரவலாக வழங்கும் முறையொன்றில் வளைவின் கூர்மை ஒன்று முதல் ஆறு வரையான எண்களாற் குறிக்கப்படும். ஒன்று மிகக் கூரியது, ஆறு மிக விரிந்தது. இடைத்தூரம், முகடு, வளைவு இறுகுவது அல்லது விரிவது ஆகியனவும் உடன் சொல்லப்படும். கண் காண்பதற்கு முன்னரே காது அறிந்துவிடுகின்றது. காது அறிந்ததைக் கை செய்கின்றது. மங்கல இசை மரபிற் புகழ்பெற்றதும், தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்ததுமான இணுவிலில் இதனை விளக்குதல் எளிது. தவில் பயிலும் மாணவன் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பழகிய பின்னரே அது கையில் இறங்குகின்றது. சொல் முன்னே செல்ல, கை பின்தொடர்கின்றது. இவ்வொப்புமை முழுமையானதன்று, தவிற்காரனின் சொல் அவனுக்குள்ளிருந்தே எழுவது, ராலிச் சாரதியின் சொல் பிறனிடமிருந்து வருவது. ஆயினும் பிறனொருவனின் சொல்லை முற்றாக நம்பிச் செயற்படுதல் என்பதிலேயே ராலியின் தனித்தன்மை தங்கியுள்ளது. தனிமனித வீரமாகத் தோன்றுவது உண்மையில் இருவரின் கூட்டுழைப்பாகும்.

இவ்வளவைகளைக் கொண்டு சில விளையாட்டுக்களை மதிப்பிடலாம். 1998இல் கோட்மாஸ்ரேர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘கொலின் மக்ரே ராலி’ இவ்வகையில் ஒரு திருப்புமுனை. 1995இல் உலக வாகையராகிய ஸ்கொத்லாந்துச் சாரதியின் பெயரைத் தாங்கிய இதில், அவரது துணைச் சாரதி நிக்கி கிறிஸ்ற்றின் குரலே ஒலிக்கின்றது. இன்று நோக்குமிடத்து அதன் மரங்கள் அட்டையில் வெட்டியவை போல் தோன்றும். எனினும் சரளைக்கும் தாருக்குமுள்ள வேறுபாடு விரலுக்குத் தெரிகின்றது; குரல் உரிய கணத்தில் வருகின்றது; பிழை செய்தவன் தண்டிக்கப்படுகின்றான், ஆனால் அவமதிக்கப்படுவதில்லை. அளவறிந்த படைப்பு என இதனைக் குறிப்பிடலாம்.

2004இல் வெளிவந்த ‘ரிச்சர்ட் பேர்ண்ஸ் ராலி’ இதற்கு மறுமுனையில் நிற்கின்றது. 2001இல் உலக வாகையரான பேர்ண்ஸ் 2003இன் இறுதியில் நோயுற்று, 2005இற் காலமானார். அவரது துணைச் சாரதி றொபேட் றீட்டின் குரல் இதில் உள்ளது. இயற்பியல் உண்மைக்கு இவ்விளையாட்டுக் காட்டும் பற்று அசாதாரணமானது. தொடங்குபவன் முதலிற் பயிற்சிப் பள்ளியிற் கற்றாக வேண்டும். கற்ற பின்னரும் முதற் கிலோமீற்றரிலேயே மரத்தில் மோதுவான். இதனை ஆக்கிய வோர்த்தொக் நிறுவனம் நிலைக்கவில்லை. ஆயினும் பல நாட்டு ரசிகர்கள் புதிய பாதைகளையும் கார்களையும் வழிக்குறிப்புக் குரல்களையும் தாமே உருவாக்கிச் சேர்த்து இதனை இன்றுவரை உயிருடன் வைத்துள்ளனர். சந்தை கைவிட்ட படைப்பொன்றை மக்களின் ஊதியமற்ற உழைப்புப் பேணியுள்ளமை கவனத்திற் கொள்ளத்தக்க சமூக நிகழ்வாகும். விசைப்பலகையுடன் மட்டும் இதனை அணுகுபவனுக்கோ இது இன்பமன்று, தவம். ஸ்டியரிங் கருவி வாங்கும் வசதியுள்ளவனுக்கே இதன் கதவு முழுமையாகத் திறக்கும். இங்கு ரசனையின் எல்லையை வர்க்கம் வரைகின்றது.

2015இன் ‘டேர்ட் ராலி’ இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. வேல்ஸ், கிரேக்கம், பின்லாந்து முதலான இடங்களின் தரைகள் இதில் நன்கு உணர்த்தப்படுகின்றன. அதன் கண்டிப்பு நேர்மையானதே. ஆனால் அது கணினியிடமிருந்தும் ஆடுபவனிடமிருந்தும் எதிர்பார்ப்பது அதிகம்.

2020இல் வெளிவந்த ‘ஆர்ட் ஒவ் ராலி’ வேறொரு வழியைத் தேர்ந்தது. காரை மேலிருந்து பார்க்கின்றோம். காட்சிகள் எளிய வண்ணத் தளங்களாகச் சுருக்கப்பட்டுள்ளன. துணைச் சாரதி இல்லை. குரலை முதன்மைப்படுத்திய நாம் இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியவர்களே. எனினும் வருவதைக் காதாலறியும் வேலையை இங்குக் கண் ஏற்றுக்கொள்கின்றது. மேலிருந்து நோக்குவதால் வளைவு முன்கூட்டியே தென்படுகின்றது. தரையின் வேறுபாடு விசைப்பலகையிலும் உணரப்படுகின்றது. வடிவத்தை எளிமையாக்கிச் சாரத்தைக் காத்தமையே இதன் வெற்றி.

இனி, இவ்விளையாட்டுக்கள் அனைத்திற்கும் பொதுவான ஒரு வினா உண்டு. திரையில் விரியும் இவ்வீதி எவருடையது? 1998இன் விளையாட்டில் இந்தோனேசியா இருந்தது. ‘ஆர்ட் ஒவ் ராலி’யிற் பின்னர் கென்யா சேர்க்கப்பட்டது. ஆனால் அங்கு வாழ்வோர் திரையில் இல்லை. அவர்களது நிலம் பின்புலக் காட்சியாகிவிடுகின்றது. கென்யாவின் சபாரி ராலி 1953இல் பிரித்தானிய அரசியின் முடிசூட்டு விழாவையொட்டி, குடியேற்ற ஆட்சியின் கீழ்த் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற பின், 1965இல் அதனை வென்றவர் கென்யச் சீக்கியரான ஜோகிந்தர் சிங். 1974இலும் 1976இலும் அவர் மீண்டும் வென்றார். தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் ஆபிரிக்க மண்ணில் நிகழ்த்திய இச்சாதனையின் சமூகப் பின்னணியைச் செம்மண் நிறத்தால் மட்டும் உணர்த்திவிட முடியாது.

எமது நிலையில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. ராலிக்காக வீதியைச் சில மணி நேரம் மூடுவர். எமக்கோ வீதி மூடப்படுதல் என்பது ஆண்டுக்கணக்கான அனுபவம். 1990இற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்கு மின்சாரமும் பெற்றோலும் அற்றுப்போயின. சில துளி பெற்றோலாற் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை அக்காலத்தவர் மறந்திலர். 2002இற் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இன் பின்னரே மக்களுக்குத் திறந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் முழு நாடுமே எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. மின்வெட்டிற் கணினிகளும் அணைந்தன. இத்தகைய சூழலில் திரையிற் கார் ஓட்டுவது வெறும் தப்பித்தல் எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. சொந்தக் கார் என்னும் நுகர்வுக் கனவையும் இவை ஊட்டுகின்றன. ஆனால் நல்ல ராலி விளையாட்டுத் தருவது கார் உடைமையின் இன்பமன்று, திறனின் இன்பம். தரையைக் கேட்டல், தடையை முன்னுணர்தல், பிழையுடன் தொடர்தல் என்பன அதன் பாடங்கள். தட்டுப்பாட்டில் வாழ்ந்தோர் அவற்றை முன்னரே அறிவர்.

ஆகவே, இணுவில் வீட்டின் எளிய கணினிக்கு முதற்கண் பரிந்துரைக்கத்தக்கது ‘ஆர்ட் ஒவ் ராலி’யே. குரலின் இன்பத்தை நாடுவோர் ‘கொலின் மக்ரே ராலி’யின் பழைய பதிப்பைத் தேடிப் பார்க்கலாம். கருவியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு ‘ரிச்சர்ட் பேர்ண்ஸ் ராலி’ ஈடற்றது. அதில் ரசிகர்களே குரல்களைச் சேர்க்க இயலும் என்பது நமது இளைஞரின் சிந்தனைக்குரியது. “இடம் நான்கு, நீளம், நூறு, முகடு தாண்டி வலம் இரண்டு, இறுகும்” எனத் தமிழில் ஒரு வழிக்குறிப்பு ஒலிப்பதற்கு மொழியில் எத்தடையும் இல்லை. கோவில் வீதியும் செம்மண் தோட்டமும் பனையோலை வேலியிட்ட ஒழுங்கையும், அவற்றில் வாழும் மனிதரும் ஒருநாள் அத்திரையில் இடம்பெறின், அவ்வீதி எவருடையது என்னும் வினாவிற்கு ஒரு விடையேனும் நம்மிடமிருந்து பிறந்ததாகும்.