ஆறு மதிப்பெண்ணுக்குக் கீழே

தசையைப் போர்த்திய சவ்வு அழுகும் நோய் நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ். செய்தித்தாள்களுக்கு அது ‘சதை தின்னும் கிருமி’. அரிதாக வரும்; முதல் நாளில் செல்லுலைடிஸ் எனும் சாதாரண வீக்கம்போலவே இருக்கும். தோல் கறுத்துக் கொப்புளம் கிளம்புவதற்குள் உள்ளே அழுகல் வெகுதூரம் பரவியிருக்கும். சிங்கப்பூரின் வோங் சின் ஹோ குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 89 நோயாளிகளில் 13 பேருக்கே மருத்துவமனையில் சேர்த்தபோது நோய் சரியாகக் கண்டறியப்பட்டிருந்தது. ஐந்தில் ஒரு பங்கினருக்கு மேல் இறந்தனர்.

2004இல் வோங் ஒரு குழுவோடு உருவாக்கியதுதான் இந்நோயைக் கணிக்க உதவும் லிரினெக் மதிப்பெண். சிஆர்பி எனும் அழற்சிப் புரதம், வெள்ளணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை: எல்லாமே அன்றாட ரத்தப் பரிசோதனைகள். மொத்தம் 13 மதிப்பெண்; 6ஐத் தொட்டால் சந்தேகப்பட வேண்டும். அப்படித் தொட்டவர்களில் 92 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது என்றது ஆய்வு. செலவு குறைவு, கணக்கு எளிது. பல நாட்டு மருத்துவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 92தான். ஆய்வில் சேர்த்த 454 பேரில் 145 பேர் நோயாளிகள். ஆய்வாளர்களே அமைத்துக்கொண்ட விகிதம் அது. எந்த அவசரப் பிரிவிலும் மூவரில் ஒருவருக்கு இந்நோய் இருக்காது. பல ஆய்வுகளைத் திரட்டி 2019இல் பார்த்தபோது, 6 என்ற எல்லை நோயுள்ளோரில் 68 விழுக்காட்டினரையே பிடித்தது. நோயற்றோரில் 15 விழுக்காட்டினரையும் சேர்த்து இழுத்தது. வீங்கிய காலோடு வரும் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என வைத்துக்கொள்வோம். ஏழு பேர் பிடிபடுவார்கள், மூவர் நழுவுவார்கள், சுமார் 150 பேர் வீணாகக் கலங்குவார்கள்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். சிங்கப்பூர் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டி, சிறுநீரகம் கெட்டு, ரத்தசோகையும் உள்ள பெரியவருக்கு வெறும் செல்லுலைடிஸ் வந்தாலே 5 மதிப்பெண் சேர்ந்துவிடக்கூடும். திடகாத்திரமான கட்டுமானத் தொழிலாளி காயம்பட்ட சில மணி நேரத்தில் வந்தால் சிஆர்பி இன்னும் ஏறியிருக்காது. அதற்குரிய 4 மதிப்பெண்ணும் போச்சு. பழுப்புத் தோலில் சிவப்பும் சட்டென்று கண்ணில் படாது.

ஆக, 6ஐத் தொட்டால் அறுவை மருத்துவரை அழைக்க லிரினெக் போதும். கீழே வந்தால் அதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கண்ணுக்குத் தெரிவதை மிஞ்சிய வலி, மணிக்கு மணி பரவும் வீக்கம், கீறிப் பார்த்தால் ரத்தம் கசியாமல் விரலுக்கு வழிவிடும் சவ்வு: என் எடைபோடலில் இவையே முந்தும். 24 மணி நேரத்துக்கு மேல் அறுவை தாமதித்தவர்களிடையே சாவு கூடியதை 2003 ஆய்வே காட்டியது. சிராங்கூன் சாலை கிளினிக் மருத்துவர் இத்தகைய வலியைக் கண்டால், ரத்த முடிவுக்குக் காத்திராமல் நோயாளியை உடனே டான் டோக் செங் மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி.