கைஃபோகஸ் லென்ஸுகள்: பரம்பரைகளும் தரங்களும்

1985-இல் மினோல்டா 7000 வந்ததும் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் நிலைபெற்றது. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் இந்தக் கேமராக்களுக்குச் செய்த லென்ஸுகள் ஏறக்குறைய எல்லாமே விரலால் வளையம் திருப்பி ஃபோகஸ் செய்தவை. அவற்றின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2008-இல் பானசோனிக் ஜி1, 2013-இல் முழு ஃபிரேம் அளவில் சோனி ஏ7 என்று மிரர்லெஸ் கேமராக்கள் வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. பழைய எம்42 லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45.46 மி.மீ. தூரம் வேண்டும். சோனியின் மவுன்ட் சென்சாரிலிருந்து 18 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. மிச்சமுள்ள இடத்தில் கண்ணாடியே இல்லாத ஒரு வெற்று அடாப்டரை வைத்தால் போதும். அறுபது வயது லென்ஸ் இன்றைய கேமராவில் வேலை செய்யும். மூலையில் கிடந்தவை மறுபடி கைக்கு வந்தது இப்படித்தான்.

இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரை வைத்தே உயர்வு தாழ்வு சொல்கிறார்கள். ஜைஸ் என்றால் உயர்ந்தது, ரஷ்ய லென்ஸ் என்றால் மலிவு, நிக்கோர் என்றால் நம்பலாம் என்று ஒரு வாய்பாடு உருவாகியிருக்கிறது. பல ஆண்டுகள் இவற்றோடு பழகிய பிறகு எனக்குத் தெளிவாகத் தோன்றுவது வேறு. ஒவ்வொரு லென்ஸும் ஒரு கண்ணாடி அமைப்பின் பிள்ளை. அந்த அமைப்புக்கு ஒரு வலிமை உண்டு, ஒரு வரம்பு உண்டு. வரம்பை அறிந்து செய்த லென்ஸ் எந்த விலையில் வந்தாலும் ஏமாற்றுவதில்லை. வரம்பை மீறி வாக்குக் கொடுத்த லென்ஸ் எவ்வளவு பெரிய வீட்டில் பிறந்திருந்தாலும் ஏமாற்றுகிறது.

மூல அமைப்புகள்

1893-இல் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் மூன்றே கண்ணாடிகளால் ஆன டிரிப்லெட்டை வடிவமைத்தார். 1902-இல் ஜெனா நகரின் ஜைஸ் நிறுவனத்தில் பால் ருடோல்ஃப் நான்கு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக்கி டெஸ்ஸாரைத் தந்தார். அதே ருடோல்ஃப் 1896-லேயே ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதிகளாக அமைத்துப் பிளானாரை உருவாக்கியிருந்தார். இன்று டபுள் காஸ் என்று நாம் சொல்லும் குடும்பத்தின் முன்னோடி அது. பிறகு லூத்விக் பெர்டெலே மூன்று தொகுதிகளில் அதிக வேகம் தரும் ஸோனாரை அமைத்தார்.

பிளானார் இவ்வளவு முன்பே பிறந்தும் முப்பது நாற்பது ஆண்டுகள் பின்தங்கிக் கிடந்ததற்குக் காரணம் எளிய கணக்கு. கோட்டிங் இல்லாத கண்ணாடி காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிவிடும். டெஸ்ஸாரில் அப்படி ஆறு பரப்புகள், பிளானாரில் எட்டு. எட்டைத் தாண்டி வருவதற்குள் கால் பங்குக்கு மேல் ஒளி போய்விடும். போனது சும்மா போகாது; உள்ளுக்குள்ளேயே எதிரொளித்துப் படத்தின் மேல் மூட்டமாக விழும். 1935-இல் ஜைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் கோட்டிங்கைக் கண்டறிந்த பிறகே டபுள் காஸுக்கு வழி திறந்தது.

எஸ்.எல்.ஆர். வந்தபோது இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஆடி எழுந்து மடங்க இடம் வேண்டும். 50 மி.மீ. ஸோனாரின் பின்கண்ணாடி ஃபிலிமை நெருங்கி நிற்பதால் அதற்கு அங்கே இடமில்லை, 85 மி.மீ.உம் அதற்கு மேற்பட்டவையுமான ஸோனார்களே பிழைத்தன. டபுள் காஸ் கூட 50 மி.மீ.இல் சிரமப்பட்டது. அதனால்தான் அந்தக் காலத்து சாதாரண லென்ஸுகள் பலவும் 55, 57, 58 மி.மீ. என்று இருக்கின்றன.

ஜெர்மன் வழி: கணக்கின் பெருமை

முதல் வரிசை எஸ்.எல்.ஆர்.களில் ஒன்றான கைன் எக்ஸாக்டா 1936-இல் டிரெஸ்டனில் பிறந்தது. 1949-இல் காண்டாக்ஸ் எஸ், எம்42 திருகு மவுன்டைக் கொண்டுவந்தது. இவற்றுக்கான லென்ஸுகள் ஜெனாவிலும் கோர்லிட்ஸிலும் தயாராயின. இந்த வழியின் பெருமை அமைப்பைக் கணக்கிட்டதில் இருக்கிறது. பயோடார் 58 மி.மீ. எஃப்/2 பிற்காலத்து எத்தனையோ லென்ஸுகளுக்கு மூலம். ஃபிளெக்டோகான் 35 மி.மீ. எஃப்/2.4 இன்றும் என் விருப்பப் பட்டியலில் முன்னால் நிற்கிறது. ஏறத்தாழ 20 செ.மீ. வரை நெருங்கும் அகலக் கோண லென்ஸ் அது. பூவை முன்னால் வைத்துப் பின்னால் தோட்டம் முழுவதையும் காட்ட வேண்டுமென்றால் அதற்கு ஈடு குறைவு.

ஜைஸின் நிழலில் இருந்த மேயர் கோர்லிட்ஸ் நிறுவனத்தின் டிரையோபிளான் 100 மி.மீ. எஃப்/2.8 வெறும் டிரிப்லெட்தான். அபர்ச்சரைத் திறந்து வைத்தால் பின்னணியில் உள்ள ஒளிப்புள்ளிகள் விளிம்பு மட்டும் பிரகாசிக்கும் சோப்புக் குமிழிகளாக மாறும். கோள வழுவை மிகையாகத் திருத்தியதன் விளைவு அது. அன்று குறையாகக் கருதப்பட்டது. இன்று அதற்காகவே தேடி வாங்குகிறார்கள்.

இதே டிரிப்லெட்தான் டொமிபிளான் 50 மி.மீ. எஃப்/2.8-இல் ஏமாற்றுகிறது. மலிவான கேமராக்களோடு சேர்த்து விற்கப்பட்ட லென்ஸ் அது. நூறு மில்லிமீட்டரின் குறுகிய கோணத்தில் தாங்கிய மூன்று கண்ணாடிகள் ஐம்பதின் அகலத்தில் மூலைகளைத் தாங்கவில்லை. அபர்ச்சர் சிக்கிக்கொள்ளும் பழக்கமும் அதற்கு உண்டு. டெஸ்ஸார் 50 மி.மீ. எஃப்/2.8-உம் இப்படித்தான். 1902-இல் எஃப்/6.3 ஆகப் பிறந்த அமைப்பைப் படிப்படியாக 2.8 வரை இழுத்துவிட்டார்கள். எஃப்/8-இல் கத்திபோல் வெட்டும்; முழுவதும் திறந்தால் சோர்ந்துவிடும். டெஸ்ஸாரை வாங்குகிறவர் 5.6-க்குக் கீழே இறங்காமல் பயன்படுத்தினால் அதன் மேல் குறை சொல்ல வாய்ப்பே இருக்காது.

சோவியத் வழி: எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜைஸின் இயந்திரங்களும் நிபுணர்களும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது அமைப்புகளும் கூடவே போயின. பயோடார் அங்கே ஹீலியோஸ்-44 ஆயிற்று; ஸோனார் ஜூபிடர் ஆயிற்று. ஜெனிட் கேமராவோடு லட்சக்கணக்கில் வெளியே வந்த ஹீலியோஸ்-44, உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட லென்ஸுகளில் ஒன்று.

ஹீலியோஸ்-44-2-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். அபர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டிய எண்ணை நிறுத்தி வைக்கிறோம். மற்றொன்றைத் தள்ளினால் அபர்ச்சர் முழுதாகத் திறக்கும்; எதிர்ப்பக்கம் தள்ளினால் நிறுத்திய எண்ணில் வந்து முட்டி நிற்கும். இடையில் கிளிக் சத்தமே இல்லை. எட்டு பிளேடுகள் வழுவழுவென்று மூடுவதை முன்கண்ணாடி வழியே பார்க்கலாம். தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்த ஆண்டைச் சொல்லும். திறந்த நிலையில், சற்றுத் தொலைவில் இலைகளுக்கு இடையே வானம் தெரியும்படி ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால் பின்னணி அவரைச் சுற்றிச் சுழலும். ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் முன்விளிம்பும் பின்விளிம்பும் வெட்டுவதால், வட்டமாக விழ வேண்டிய ஒளிப்புள்ளி ஓரங்களில் கண்வடிவம் கொள்கிறது. அந்தக் கண்கள் எல்லாம் மையத்தைச் சுற்றி வரிசை கட்டுவதே நாம் காணும் சுழல்.

ஜூபிடர்-9 85 மி.மீ. எஃப்/2 முகப்படங்களுக்கு மென்மை தரும். தைர்-11 135 மி.மீ. எஃப்/2.8 இருபது பிளேடுகளால் எந்த எண்ணிலும் வட்டமான அபர்ச்சரைத் தரும். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பெரும்பரிசு பெற்ற மீர்-1 37 மி.மீ. எஃப்/2.8 அந்தப் பரிசைத் தன் முன்வளையத்திலேயே பொறித்துக்கொண்டு வருகிறது.

இந்த வழியின் குறை சீரின்மை. ஒரே பெயர் தாங்கிய இரண்டு ஜூபிடர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று அருமையாக இருக்கும், மற்றது மையத்திலேயே மங்கும். கிரீஸ் இறுகிப்போவதும் சகஜம். ஒற்றைக் கோட்டிங் உள்ளவற்றில் எதிர்வெளிச்சம் பட்டால் கான்ட்ராஸ்ட் சரிந்துவிடும். சோவியத் லென்ஸைப் பெயர் சொல்லி வாங்கக் கூடாது. அந்த ஒரு லென்ஸைச் சோதித்து வாங்க வேண்டும்.

ஜப்பானிய வழி: சீரும் கோட்டிங்கும்

சோவியத்தில் இல்லாத சீர் ஜப்பானில் இருந்தது. அசாஹி பென்டாக்ஸின் டகுமார் வரிசையை அதற்கு அளவுகோலாகச் சொல்வேன். ஃபோகஸ் வளையம் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரே அழுத்தத்தில், தள்ளாட்டம் இல்லாமல் சுழலும். 1971-இல் வந்த சூப்பர்-மல்டி-கோட்டட் டகுமார்கள் ஏழு அடுக்குக் கோட்டிங்கால் எதிர்வெளிச்சத்தை அடக்கின. 50 மி.மீ. எஃப்/1.4-இன் 1964 பதிப்பில் எட்டுக் கண்ணாடிகள். பின்னர் ஏழாகக் குறைத்து, ஒளியை அதிகம் வளைக்கும் தோரியம் கலந்த கண்ணாடியைச் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிரியக்கத்தால் அந்தக் கண்ணாடி காலப்போக்கில் தேநீர் நிறம் ஏறும். வெள்ளைத்தாளின் மேல் பிடித்தாலே தெரிந்துவிடும். புற ஊதா ஒளி படும்படி சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளியும். வெயிலில் வைப்பவர்கள் லென்ஸின் ஒரு பக்கத்தை அலுமினியத் தாளால் கட்டாயம் மூட வேண்டும். இல்லையேல் குவிந்த கதிர் பின்னால் உள்ள பொருளை எரித்துவிடும்.

நிக்கோர்களில் முதலிடம் 105 மி.மீ. எஃப்/2.5-க்கு. தொடக்கத்தில் ஸோனார் அமைப்பாக இருந்ததை 1971-இல் காஸ் அமைப்புக்கு மாற்றினார்கள், இரண்டும் நல்லவை. 1984-இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த, நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படம் இந்த லென்ஸில் எடுத்தது. ஒலிம்பஸின் ஜுய்கோக்கள் சிறிய உடலில் பெரிய தரம் வைத்தன. பலவற்றுக்கும் ஒரே 49 மி.மீ. ஃபில்டர் போதும். மினோல்டாவின் ரொக்கோர் 58 மி.மீ. எஃப்/1.2 திறந்த நிலையிலும் பின்னணியைக் குழைவாகத் தருகிறது. கேனன் 1987-இல் இ.ஓ.எஸ். மவுன்டுக்கு மாறியதால் எஃப்.டி. லென்ஸுகள் அனாதையாயின, அந்த வருத்தம் இன்று நமக்கு லாபம். நியூ எஃப்.டி. 50 மி.மீ. எஃப்/1.4-ஐ விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு சீர் உள்ள வீட்டிலும் ஏமாற்றம் உண்டு. 1963-இல் வந்த நிக்கோர் 43–86 மி.மீ. எஃப்/3.5 ஜூம் நன்றாக விற்றது. ஆனால் 43-இல் சுவர்கள் வெளியே பிதுங்கும், 86-இல் உள்ளே குழியும். வெளிச்சம் நேராகப் பட்டால் படம் வெளுத்துவிடும். சிறிய உடலில், எட்டும் விலையில் ஜூம் தர வேண்டும் என்ற ஆசைக்கு அன்றைய அமைப்பு போதவில்லை. 1970-களில் செய்த மறுபதிப்பு பரவாயில்லை. பின்னாளில் மினோல்டா செய்த எம்.டி. 35–70 மி.மீ. எஃப்/3.5 ஜூமை லைகாவே தன் ஆர் வரிசையில் ஏற்றுக்கொண்டது. அதே கனவை அமைப்பு எட்டிப் பிடித்த பிறகு கிடைத்த வெற்றி அது.

பிற கம்பெனிகளில் டாம்ரான் எஸ்.பி. 90 மி.மீ. எஃப்/2.5, விவிடார் சீரீஸ் 1 வரிசை ஆகியவை எந்தப் பெரிய பெயருக்கும் தோள் கொடுக்கும். முகவரி தெரியாத பெயர்களில் வந்த 500 மி.மீ. எஃப்/8 ஆடி லென்ஸுகளையும், குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் கன்வெர்டர்களையும் விட்டு விலகியே செல்லலாம். முதலாவது பின்னணி ஒளிப்புள்ளிகளை வடை போல ஓட்டையாக்கும். இரண்டாவது நல்ல லென்ஸின் தரத்தையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

வாங்குவோருக்கு

டார்ச் விளக்கைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்தால் பூஞ்சை. பனிபோல் பரவியிருந்தால் மூட்டம். நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இவை விரைவாகப் பரவும். தூசி ஒன்றிரண்டு இருப்பது படத்தைப் பாதிக்காது. பிளேடுகளில் எண்ணெய் மினுங்கினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று படம் எடுங்கள்: முழுதும் திறந்து ஒன்று, எஃப்/8-இல் ஒன்று, வெளிச்சத்துக்கு எதிராக ஒன்று. ஒரு லென்ஸ் எந்தப் பரம்பரையைச் சேர்ந்தது, எங்கே தாங்கும், எங்கே தளரும் என்பது அந்த மூன்றில் தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு என் தீர்ப்பு டகுமார் 55 மி.மீ. எஃப்/1.8. விலை குறைவு, பூஞ்சை இல்லாத பிரதி கிடைத்தால் ஆயுளுக்கும் போதும். எதை வாங்கினாலும் அலமாரியில் பூட்டிப் பெருமைப்படாதீர்கள். இருட்டில் அடைபட்ட லென்ஸைத்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் பிடியுங்கள்.