தலைத்துணியின் பொருள்கோடல்: சட்டமும் புனைகதையும்

முன்னுரை

ஷா ஆலமில் 1988இல் கட்டிமுடிக்கப்பட்ட சுல்தான் சலாஹுதீன் அப்துல் அசீஸ் ஷா பள்ளிவாசலைக் காணவரும் பிற சமயப் பெண்களுக்கு அங்கியும் தலைத்துணியும் வழங்கப்படுகின்றன. சற்று நேரம் அணிந்து திருப்பித் தரும் பெண்ணுக்கு அது விருந்தினர் காட்டும் மரியாதை. அதே நகரில் துடோங் அணிந்து நாள்தோறும் கல்லூரி செல்லும் தமிழ் முஸ்லிம் மாணவிக்கு அது அன்றாட வாழ்வு. இந்நகரம் எழுமுன், இந்நிலம் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த காலத்தில், பால்வெட்டச் சென்ற தமிழ்ப் பெண்கள் தலையில் கட்டிய துண்டோ வெயிலுக்கும் கொசுவுக்குமான காப்பு. ஆகவே, பொருள் துணியில் இல்லை. அணிபவரிடத்தும் காண்பவரிடத்தும் உள்ளது எனலாம். அப்பொருளை யார் தீர்மானிப்பது என்னும் வினாவைச் சட்டமும் தமிழ்ப் புனைகதைத் திறனாய்வும் எவ்வாறு அணுகியுள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் அதன் சுமையும்

‘நனைந்தபின் முக்காடு எதற்கு’ என்பது பழமொழி. நட்டப்பட்டவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான் என்பது பேச்சுவழக்கு. சில சமூகங்களில் கைம்பெண்ணின் அடையாளமாகவும் முக்காடு இருந்தது. எனவே, அச்சொல்லைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு வெட்கமும் இழப்புமே முதலில் எட்டுகின்றன. ஆடவர் தலைப்பாகை மதிப்பின் குறியாக இருக்க, மேற்சாதியினர் முன் தலைத்துண்டை அவிழ்க்கவேண்டும் என்னும் கட்டாயம் இழிவின் குறியாக இருந்தது.

அரபியில் ஹிஜாப் என்பது திரையைக் குறிக்கும். மலாய்மொழியில் துடோங் என்பது மூடுவது என்னும் பொதுப்பொருளுடையது. உணவை மூடும் கூடைக்கும் துடோங் சாஜி என்றே பெயர். முன்னர் செலெண்டாங் என்னும் மெல்லிய துணியைத் தளர்வாக இட்ட மலாய்ப் பெண்களிடையே, 1970களில் மாணவரிடம் வேரூன்றிய சமய எழுச்சியை ஒட்டியே துடோங் பெருவழக்காயிற்று.

சேலை முந்தானையாலும் வெள்ளைத் துப்பட்டியாலும் தலைமறைத்த தமிழ் முஸ்லிம் பெண்டிரின் அடுத்த தலைமுறை துடோங்கை ஏற்றபோது, ஒரு சமூக விளைவும் உடன் வந்தது. காண்போர் அவளை மலாய்ப்பெண் எனக் கருதுகின்றனர். தமிழரே அவளிடம் மலாயில் பேசத் தொடங்குகின்றனர். இஸ்லாத்தைப் பின்பற்றுதல், மலாய் பேசுதல், மலாய் வழக்கங்களைக் கைக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கொண்டு மலாய்க்காரரை வரையறுக்கும் கூட்டரசு அரசமைப்பின் 160ஆம் விதியும் இங்கு நினைக்கத்தக்கது. சமயம் கருதி அவள் அணிந்த துணி, அவள் தமிழை மறைத்துவிடுகிறது.

நீதிமன்றத்தின் வினா

நெகிரி செம்பிலானின் செர்த்திங்கில் செர்பான் என்னும் தலைப்பாகை அணிந்ததற்காக மூன்று மாணவர் 1997இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் 1999இல் அவர்கள் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் அதனை மாற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2006இல் அம்மாற்றத்தை உறுதிசெய்தது. அவ்வழக்கம் சமயத்தில் கட்டாயமா, விரும்பத்தக்கது மட்டுமா, தடையின் அளவு யாது, சூழல் யாது என்பன அங்கு ஆராயப்பட்டன. சூழலையும் கணக்கிற்கொண்டது பாராட்டத்தக்கதே. எனினும், அச்சிறுவர்க்கு அத்துணி எதனைக் குறித்தது என்பது தீர்ப்பின் மையவினாவாகவில்லை.

கர்நாடகத்தில் ஹிஜாப் கட்டாயச் சமயக் கூறன்று என உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அவருள் நீதிபதி சுதான்சு துலியா இதனை மாணவியின் தெரிவாகவும் கல்வி வாய்ப்பாகவும் நோக்கினார். நூலை நோக்கிய வினா, ஆளை நோக்கித் திரும்பிய இடம் இது. அதே ஆண்டில் ஈரானியப் பெண்கள் கட்டாயத் தலைத்துணியைக் கழற்றிப் போராடினர். இரு நிலங்களிலும் பெண்கள் கேட்டது ஒன்றே: முடிவு தமதாக இருத்தல்.

புனைகதை காட்டும் வழி

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) பெரும்பாலும் ஒடுக்குமுறையின் ஆவணமாகவே வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்புக்கு நாவலில் இடமுண்டு. பருவமெய்திய பெண் வீட்டுக்குள் முடங்கும் உலகமே அதன் களம். எனினும், ஆவணமாக மட்டும் கொள்ளும்போது அதன் தனிச்சிறப்பு நழுவுகிறது. தெருவில் தம்மை மறைத்துக்கொள்ளும் பெண்கள், வீட்டுக்குள் உடலையும் ஆசையையும் வெறுப்பையும் ஒளிவின்றிப் பேசுகின்றனர். தலை மூடப்பட்டது, வாய் மூடப்படவில்லை. மறைப்பைக் கண்டதும் மௌனத்தை ஊகிக்கும் திறனாய்வு இப்பேச்சைத் தவறவிடுகிறது.

அதேவேளை, அந்நாவலை அளவுகோலாக்கி ஷா ஆலம் மாணவியை மதிப்பிடுதலும் பொருந்தாது. அங்கு மறைப்பு வீட்டோடு முடங்குதலுடன் இணைந்தது. இங்கு வெளியேறிக் கற்பதுடன் இணைந்துள்ளது. ஒரே மறைப்பு எதிரெதிராக இயங்குகிறது. இதனால் இங்குள்ளது முழுமையான தெரிவு என்றும் கூறிவிட இயலாது. குடும்பமும் தோழியரும் சூழலும் சேர்ந்தே விருப்பத்தை உருவாக்குகின்றனர். அணிவதாலும் அணியாதிருப்பதாலும் ஒருத்தி எதனை இழக்கிறாள் என்னும் இரு பக்கக் கணக்கே நேர்மையான அளவுகோலாகும்.

முடிவுரை

சட்டம் ‘இது கட்டாயமா’ எனக் கேட்கிறது. திறனாய்வு ‘இது அடிமைத்தனமா, அடையாளமா’ எனக் கேட்கிறது. இரண்டும் அணிபவரைக் கேளாமலே விடைகாண விழைகின்றன. இதில் தமிழாசிரியர்க்குத் தனிப்பொறுப்பு உண்டு. மேற்கூறிய பழமொழியைக் கற்பிக்கும் வகுப்பில் தலைமறைத்த மாணவி ஒருத்தி அமர்ந்திருக்கக்கூடும். அவளுக்கு முக்காடு வெட்கத்தின் பெயரன்று என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதே முழுமையான பொருள்விளக்கமாகும். அவளைக் கண்டதும் மலாயில் பேசத் தொடங்காது, தமிழில் பேசுதல் அதற்கும் முந்திய கடமையாகும்.